ஸ்ட்ரெஸ் ஓட்டறதுக்கு முன்னாடி மாடல்ல எதை எடுக்கணும், எதை விடணும்: ஒரு பம்ப் பிராக்கெட், ஒரு ட்யூப் ஃபிரேம்

காலேஜ் முடிச்சுட்டு நம்ம கோயமுத்தூர் பக்கம் டிசைன் ஆபீஸ்ல சேர்ற தம்பிங்க முக்காவாசிப் பேரு மொதல்ல ஒரே இடத்துல தான் சிக்கிக்கறாங்க. த்ரீடி மாடல் அருமையா போட்டிருப்பாங்க, ஃபில்லட் (மூலைய உருட்டி விடற வளைவு), சேம்ஃபர் (விளிம்ப சாய்வா வெட்டறது), எம்பாஸ் பண்ண கம்பெனி பேரு, போல்ட்ல சுத்திச் சுத்தி நிஜ த்ரெட் வரைக்கும் எல்லாம் இருக்கும், அதை அப்படியே சிமுலேஷன்ல, அதாவது எங்க எவ்வளவு ஸ்ட்ரெஸ் வருதுன்னு கணக்கு போடற சாஃப்ட்வேர்ல போட்டு, மெஷ் (மாடல எலிமெண்ட்னு குட்டி குட்டித் துண்டா பிரிக்கறது) கொடுத்தா கம்ப்யூட்டர் ரொம்ப நேரம் உறுமிட்டு மெஷ் ஆகலைன்னு வந்து நிக்கும். உடனே இருக்கற ஃபில்லட் எல்லாத்தையும் ஒரே அடியா சப்ரஸ் பண்ணி, அதாவது அழிக்காம மறைச்சுப்போட்டு ஓட்டுவாங்க. ஓடும், கலர் கலரா படமும் வரும். ஆனா அந்தப் படத்துல இருக்கற நம்பர நம்பி ஒரு பேட்டர்ன் (வார்ப்புக்கு மணல்ல பதிக்கற உருவம்) வெட்டச் சொல்லலாமா?

பம்ப், மோட்டார் பிராக்கெட், ஃபேப்ரிகேஷன் ஃபிரேம்னு இந்த வேலைல ரொம்ப வருசமா இருக்கறேன், எனக்குப் புரிஞ்சது என்னன்னா அனாலிசிஸ்ல நாம எடுக்கற மொத முடிவே மாடல்ல எது இருக்கணும் எது வேண்டாம்ங்கறது தான், மெட்டீரியல் லோடு எல்லாம் அதுக்கப்புறம். மெஷினிங்குக்குப் போற மாடல் பொருளைச் செய்யறதுக்கு. ஸ்ட்ரெஸ் மாடல் ஒரு கேள்வி கேக்கறதுக்கு. கேள்வி மாறினா மாடலும் மாறணும். "இது எவ்வளவு வளையும்"னு கேட்டா சின்ன ஃபில்லட் ஒண்ணும் தேவையில்ல, "எங்க விரிசல் விடும்"னு கேட்டா அதே ஃபில்லட் தான் முழு விசயமும்.

ஒரு உதாரணத்த வெச்சே சொல்றேன். மோனோபிளாக் பம்ப்ல மோட்டாருக்கும் பம்ப் கேசிங்குக்கும் நடுவுல ஒரு பிராக்கெட் வரும் பாருங்க, காஸ்ட் அயர்ன், எஃப்ஜி 260 கிரேடு, அதாவது இழுத்தா சுமார் 260 மெகாபாஸ்கல் (ஸ்ட்ரெஸ் அளவு) வந்தா உடையறது. ஒரு பக்கம் மோட்டார் ஃபிளேன்ஜ் (போல்ட் போடற தட்டு), மறுபக்கம் கேசிங் ஃபிளேன்ஜ், நடுவுல பேரல், கிளாண்ட் (ஷாஃப்ட்ட சுத்தி தண்ணி கசியாம அடைக்கறது) டைட் பண்றதுக்கு ரெண்டு பக்கமும் ஜன்னல், கீழ தண்ணி சொட்டறதுக்கு ஒரு டிரெயின் ஓட்டை, சுத்தி ரிப் (விறைப்புக்கு வர்ற மெல்லிசான மேடு). நம்ம காட்டுல என்ன பண்றாங்கன்னா டெலிவரி பைப்புக்குக் கீழ ஒரு முட்டு கூட கொடுக்காம பம்ப் மேலயே தொங்க விட்டுடறாங்க, அப்ப கேசிங் வெயிட்டு, தண்ணியோட பைப் வெயிட்டு எல்லாம் சேர்ந்து பிராக்கெட்ட கீழ வளைக்குது. மோட்டார் பக்கத்துல பிராக்கெட்டோட மேல்பாதி இழுவைல இருக்கும், கீழ்பாதி அமுக்கத்துல இருக்கும். இதை மொதல்ல ஒரு பேப்பர்ல கையால வரைஞ்சு பார்க்கணுங்க, மவுஸத் தொடறதுக்கு முன்னாடி. வாய்க்கால்ல தண்ணி போற மாதிரி லோடு எந்த வழியா போகுதுன்னு தெரிஞ்சா எந்தக் கல்ல எடுத்தா ஒண்ணும் ஆகாது, எதை எடுத்தா ஓட்டமே மாறும்னு தெரிஞ்சு போகும்.

இந்த பிராக்கெட்ல யோசிக்காம எடுக்கற சாமான்னா எம்பாஸ் எழுத்து, நேம் பிளேட்டோட சின்ன ஓட்டை, வெளி விளிம்புல இருக்கற சேம்ஃபர், வெளிப்பக்கமா துருத்திட்டு இருக்கற மூலைகளோட ஃபில்லட். வெளி மூலைல ஸ்ட்ரெஸ் எப்பவுமே கம்மி தான், அங்க ரேடியஸ் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணு. டேப் பண்ண ஓட்டைல த்ரெட்ட எடுத்துட்டு வெறும் சிலிண்டரா விட்டுடலாம். கீழ இருக்கற டிரெயின் ஓட்டை அமுக்கப் பக்கம் இருக்கு, காஸ்ட் அயர்ன் இழுவைல தாங்கறதப் போல மூணு நாலு மடங்கு அமுக்கத்துல தாங்கும், அதனால மொத ரன்ல அதையும் எடுத்துடலாம். இங்க ஒண்ணு சொல்லிப்போடறேன், காஸ்ட் அயர்னுக்கு வான் மிசஸ் (எல்லாத் திசை ஸ்ட்ரெஸ்ஸையும் ஒரே நம்பரா சேர்த்தது) படத்தப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, அது வளையற எஃகுக்கானது, இதுக்கு மேக்ஸிமம் பிரின்சிபல் ஸ்ட்ரெஸ் (அந்த இடத்துல எந்தத் திசைலயாவது வர்ற அதிகபட்ச இழுவை) தான் பார்க்கணும். எங்க இழுவைன்னு அது காட்டும், ஃபில்லட்ட எங்க விடணும்னும் அதுவே காட்டும்.

ஜன்னல எடுக்கக் கூடாது. பெருசா இருக்கறதால லோடே அதைச் சுத்திட்டுத் தான் போகுது. "பக்கவாட்டுல தானே இருக்கு, நியூட்ரல் ஆக்ஸிஸ் (இழுவையும் அமுக்கமும் இல்லாத நடுக்கோடு) பக்கம் ஸ்ட்ரெஸ் இருக்காதே"ன்னு ஒரு தம்பி கேட்டாப்டி, நல்ல கேள்வி தான். சின்ன ஓட்டைன்னா அந்தக் கணக்கு சரி. இவ்வளவு பெரிய ஜன்னல அடைச்சுட்டா பிராக்கெட்டோட விறைப்பே மாறிப்போகும், மத்த இடத்து நம்பர் எல்லாம் சேர்ந்து தப்பாயிடும். ஓட்டைக்கு கிர்ஷ் 1898ல போட்ட கணக்கு ஒண்ணு இருக்குங்க, அகலமான தகட்டுல வட்ட ஓட்டை போட்டு இழுத்தா ஓட்டை ஓரத்துல ஸ்ட்ரெஸ் மூணு மடங்கு. அப்ப சுத்தியிருக்கற ஸ்ட்ரெஸ் 10 மெகாபாஸ்கல்னா ஓட்டை ஓரத்துல 30, அதை மறந்துடலாம். சுத்தி 80 இருந்தா 240, எஃப்ஜி 260ல அது உடையற நம்பருக்குப் பக்கத்துல வந்துடுது. அதனால ஓட்டை சின்னதா பெருசாங்கறத விட அது உட்கார்ந்திருக்கற இடத்துல என்ன ஸ்ட்ரெஸ் ஓடுதுன்னு பாருங்க.

இப்ப முக்கியமான இடம், மோட்டார் ஃபிளேன்ஜும் பேரலும் சேர்ற உள்மூலை, மேல் பக்கம். டிராயிங்ல அங்க 5 எம்எம் ரேடியஸ் இருக்கு. இதை சப்ரஸ் பண்ணா கூர்மையான 90 டிகிரி உள்மூலை வரும், அங்க கணக்குப்படி ஸ்ட்ரெஸ்ஸுக்கு எல்லையே கிடையாது. மெஷ்ஷ பொடிசாக்கப் பொடிசாக்க நம்பர் ஏறிட்டே போகும். வில்லியம்ஸ்ங்கறவரு 1952லயே இந்த மாதிரி மூலைக்கெல்லாம் கணக்கு போட்டு வெச்சிருக்காரு, அதுபடி பார்த்தா 90 டிகிரி உள்மூலைல ஒவ்வொரு தடவை எலிமெண்ட் சைஸ பாதியாக்கும்போதும் ஸ்ட்ரெஸ் கிட்டத்தட்ட 37 சதவீதம் ஏறும். ஏறி எங்கயும் நிக்காது. அப்ப அந்த நம்பர் 90ஆ 120ஆ 160ஆங்கறது பிராக்கெட்டப் பத்தின தகவலே இல்ல, நாம கொடுத்த மெஷ் சைஸப் பத்தின தகவல் தான். ஃபில்லட்ட திரும்ப வெச்சு, அந்த வளைவுல மட்டும் மெஷ் கன்ட்ரோல் கொடுத்து கால்வட்டத்துக்கு ஆறு எலிமெண்ட்டாவது வர்ற மாதிரி, அதுவும் பத்து நோடு (கணக்குப் புள்ளி) இருக்கற டெட்ரா (நாலு முக எலிமெண்ட்) போட்டு ஓட்டினா, பாதியாக்கினாலும் நம்பர் நகராம ஒரு இடத்துல உட்காரும். அப்ப தான் அது நம்பர். நாலு நோடு டெட்ரா வேணாங்க, வளையற இடத்துல அது இருக்கறத விட விறைப்பா காட்டும், ஸ்ட்ரெஸ்ஸையும் கம்மியா காட்டும், சில சாஃப்ட்வேர்ல டிராஃப்ட் குவாலிட்டின்னு இருக்கறது இது தான், கவனிச்சு மாத்திக்கோங்க.

அதனால நான் வேலை செய்யற முறை இப்படித் தான். மொத ரன்ல தயங்காம நெறைய எடுத்துடறது, பெரிய மெஷ், சீக்கிரம் ஓடும், அதுல நம்பரப் பார்க்கறதே இல்ல, எந்த இடம் செவக்குதுன்னு மட்டும் பார்க்கறது. அப்புறம் நான் எடுத்த ஒவ்வொண்ணும் எந்த இடத்துல இருந்துச்சுன்னு திரும்பப் போய்ப் பார்த்து, செவந்த இடத்துல இருந்தத மட்டும் திரும்ப உள்ள கொண்டு வந்து, அங்க மட்டும் மெஷ்ஷ பொடிசாக்கி ரெண்டாவது ரன். எதை எடுக்கணும்னு மொதல்லயே தலைய உடைச்சுக்க வேண்டாம், மொத ரன்னே சொல்லிக் கொடுக்கும். இந்த ரெண்டாவது ரவுண்டத் தான் நெறையப் பேரு விட்டுடறாங்க.

இது சுலபமா நடக்கணும்னா ஃபீச்சர் ட்ரீ, அதாவது மாடல்ல ஒவ்வொண்ணா போட்ட வரிசைப் பட்டியல், ஒழுங்கா இருக்கணும். அழகுக்கு, கை கிழிக்காம இருக்கறதுக்குப் போடற ஃபில்லட் எல்லாம் ட்ரீல கடைசில ஒரு ஃபோல்டர்ல. லோடு போற உள்மூலை ஃபில்லட் தனியா, அதுக்கு முன்னாடி, பேரு வெச்சு. ஒரே ஃபில்லட் கமாண்டுல முப்பது எட்ஜ செலக்ட் பண்ணி வெச்சா வேணுங்கறது வேணாங்கறது எல்லாம் ஒண்ணா வரும் ஒண்ணா போகும், பிரிக்கவே முடியாது. சாலிட்வொர்க்ஸ்னா கான்ஃபிகரேஷன் ஒண்ணு தனியா போட்டு அதுல சப்ரஸ் பண்ணுங்க, ஃபியூஷன்ல சிமுலேஷனுக்குள்ளயே சிம்ப்ளிஃபைன்னு ஒரு இடம் இருக்கு, அங்க எடுத்தா ஒரிஜினல் டிசைன் அப்படியே இருக்கும். டெலீட் மட்டும் பண்ணாதீங்க.

கஸ்டமர் ஸ்டெப் ஃபைல் (ஒரு சாஃப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கற பொது ஃபைல்) அனுப்பினா ட்ரீ இருக்காது, வெறும் சாலிட் தான். அப்ப முகத்த செலக்ட் பண்ணி அழிச்சு, சுத்தி இருக்கற முகங்கள நீட்டி மூட வைக்கணும். சாலிட்வொர்க்ஸ்ல டெலீட் ஃபேஸ்ல பேட்ச்சோட ஒரு ஆப்ஷன் இருக்கு, ஃப்ரீகேட்ல பார்ட் வொர்க்பெஞ்ச்ல டிஃபீச்சரிங்னே ஒரு டூல் இருக்கு, காசு போட முடியாத சின்ன யூனிட்டுக்கு அது போதும். மூணு ஃபில்லட் சந்திக்கற மூலைல உருண்டையா ஒரு குட்டி முகம் இருக்கும், அதை விட்டுட்டு மத்ததை மட்டும் அழிக்கப் பார்த்தா பெரும்பாலும் எரர் தான் வரும், அந்தச் சங்கிலி முழுக்க சேர்த்து செலக்ட் பண்ணுங்க. கடைசியா போட்ட ஃபில்லட் எதுவா இருக்கும்னு கண்ணால ஊகிச்சு அதுல இருந்து ஆரம்பிச்சா சுலபமா கழண்டு வரும்.

கேஸ்டிங்குக்கு (வார்ப்புக்கு) இன்னொரு தொல்லை டிராஃப்ட். பேட்டர்ன் மணல்ல இருந்து கழண்டு வர்றதுக்காக ஒண்ணு ரெண்டு டிகிரி சாய்வு கொடுத்திருப்போம், ரிப் போய் பேரல்ல சேர்ற இடத்துல இந்தச் சாய்வால ஊசி மாதிரி மெல்லிசா முகம் உருவாகி மெஷ் அங்க தான் நின்னுக்கும். டிராஃப்ட்ட எடுத்தா மெஷ் ஆயிடும், சரி, ஆனா ரிப் அடில 9 எம்எம் மேல 6 எம்எம் இருந்தது இப்ப எல்லா இடத்துலயும் 6ஆ ஆகுதா 9ஆ ஆகுதாங்கறது ஸ்கெட்ச் எந்தப் பக்கம் போட்டீங்கங்கறதப் பொறுத்தது. இதுக்கு நான் எப்பவும் பண்றது, எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை எடுத்தப்புறம் ஒரு தடவை வெயிட் பார்க்கறது, காஸ்ட் அயர்னுக்கு 7.2, எஃகுக்கு 7.85 (கன செ.மீக்கு கிராம்) அடர்த்தி சரியா இருக்கான்னு பார்த்துட்டு. ஒரு ரெண்டு சதவீதத்துக்குள்ள வித்தியாசம்னா தாண்டிப் போயிடலாம். அதுக்கு மேலன்னா நான் அழகுக்கு இருந்தத எடுக்கல, தாங்கறத எடுத்துட்டேன்னு அர்த்தம். சென்டர் ஆஃப் கிராவிட்டியும் சேர்த்துப் பார்த்துக்கோங்க.

இந்த பிராக்கெட் விசயமா பவுண்டரிக்கு, அதாவது வார்ப்புப் பட்டறைக்குப் போனப்ப அங்க இருக்கற பேட்டர்ன் பண்ற பெரியவரு ஒருத்தரு படத்தப் பார்த்துட்டு, "ஏனுங் தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல எடுத்தாலும் போட்டாலும் இந்த மூலைல ரேடியஸ் இல்லாம நான் பண்ணித் தர மாட்டனுங்க, உலோகம் உறையும்போது அங்கயே இழுத்துக்கும்"னாரு. அவரு சொன்னது நெம்பச் சரி. கூர்மையான உள்மூலை கேஸ்டிங்ல உறையும்போதே பலவீனமான இடம், அப்புறம் வேலை செய்யும்போதும் அங்க தான் ஸ்ட்ரெஸ். ரெண்டுக்கும் ஒரே ஃபில்லட் தான் மருந்து. அதுக்கப்புறம் எந்த கேஸ்டிங்கா இருந்தாலும் லோடு போற உள்மூலை ரேடியஸ மொதல்ல பவுண்டரில கேட்டுக்கறது, அவங்களால நிஜமா கொடுக்க முடியற ரேடியஸத் தான் மாடல்ல வைக்கறது.

எடுக்கறத மட்டும் பேசினா பத்தாது, சில சமயம் மாடல்ல இல்லாத ஒண்ணைச் சேர்க்கவும் வேணும். ஃபிளேன்ஜ்ல எம் 12 போல்ட் நாலு. நெறையப் பேரு போல்ட் ஓட்டையோட உள்சுவர முழுசா ஃபிக்ஸ்டுன்னு கொடுத்துடறாங்க. நிஜத்துல போல்ட் தலையும் வாஷரும் தான் அமுக்கிப் பிடிக்குது, எம் 12 வாஷர் வெளி விட்டம் 24 எம்எம். அதனால ஃபிளேன்ஜ் முகத்துல ஓட்டையச் சுத்தி 24 எம்எம் வட்டம் ஸ்கெட்ச் போட்டு ஸ்பிலிட் லைன் கொடுத்து அந்த வளையத்த தனி முகமா பிரிச்சுக்கணும், பிடிமானம் அங்க. ஃப்ரீகேட்ல பூலியன் ஃப்ராக்மெண்ட்ஸ் வெச்சு இதே வேலைய பண்ணலாம். பொருளோட வடிவம் ஒரு மயிரிழை கூட மாறல, ஆனா ரிசல்ட் மாறும். அந்த வளையத்தோட ஓரத்துல ஒரு செவப்புக் கோடு வரும், அது பிடிமானம் திடீர்னு முடியறதால வர்றது, அங்க நம்பர் படிக்காதீங்க, ஃபிளேன்ஜ் தடிமன் அளவு தள்ளி வந்து படிங்க.

பாதி வெட்டி ஓட்டறதும் நல்ல வழி தான். பிராக்கெட் இடமும் வலமும் ஒண்ணு, பைப் நேரா கீழ தொங்குதுன்னா நடுவுல வெட்டி, வெட்டின முகத்துக்கு சிமெட்ரி கொடுத்து, லோட பாதியாக்கி ஓட்டலாம், மிச்சமான நேரத்துல ஃபில்லட்ல மெஷ்ஷ இன்னும் பொடிசாக்கலாம். பைப் சைடு வாக்குல இழுக்குதுன்னா ஆகாது. அதிர்வெண் பார்க்கறதுக்கும் பாதி மாடல் வேண்டாம், இடமும் வலமும் எதிரெதிரா ஆடற மோடு (அதிர்ற விதம்) எல்லாம் அதுல வராமயே போயிடும்.

கேஸ்டிங் கதை இப்படின்னா ஃபேப்ரிகேஷன் வேற உலகம். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் கட்டற வேலைல ஹைட்ராலிக் ஆயில் டேங்க் உட்கார்ற ஃபிரேம் ஒண்ணு வந்துச்சு, 50க்கு 50, 3 எம்எம் தடிமன் பாக்ஸ் ட்யூப். இதை சாலிடா மெஷ் பண்ண உட்கார்ந்தா என்ன ஆகும்னு கணக்கு பாருங்க. 3 எம்எம் சுவர்ல ரெண்டு எலிமெண்ட்டாவது வேணும்னா எலிமெண்ட் சைஸ் 1.5 எம்எம், ஒரே ஒரு மீட்டர் ட்யூபுக்கே பத்து லட்சம் டெட்ரா கிட்ட வந்துடும். ஃபிரேம்ல எத்தனை மீட்டர் இருக்கு! அதையே நடுத்தளம் எடுத்து ஷெல்லா, அதாவது தடிமன நம்பரா மட்டும் கொடுக்கற வெறும் தளமா மாத்தினா 10 எம்எம் சைஸ்ல மீட்டருக்கு ரெண்டாயிரம் எலிமெண்ட்ல முடிஞ்சுடும், வளையறதையும் அருமையா பிடிக்கும். நீள அகலத்தோட ஒப்பிட்டா தடிமன் பத்துல ஒரு பங்குக்குக் கீழ இருந்தா எனக்கு ஷெல் தான்.

ஆனா ஷெல்லுக்கு மாத்தும்போது வடிவத்துல ரெண்டு விசயம் கவனிக்கணும். நடுத்தளம் எடுத்தா 50 ட்யூப் 47 ஆயிடும், ஒரு ட்யூப் இன்னொண்ணு மேல வந்து முட்டற இடத்துல 1.5 எம்எம் சந்து விழும், ஏன்னா முட்டற ட்யூபோட முனை பழைய வெளி முகத்துல நிக்குது, கீழ இருக்கற ட்யூபோட தளம் உள்ள போயிடுச்சு. படத்துல கண்ணுக்கே தெரியாது, ஓட்டினா ட்யூப் தனியா பறந்து போகும், இல்லாட்டி சாஃப்ட்வேர் தானா ஒட்டிக்கிச்சுன்னு நம்பிட்டு இருப்போம். முனைய 1.5 எம்எம் நீட்டி சேர்த்துடணும், இல்லாட்டி பாண்டட் கான்டாக்ட் (ஒட்டினதா எடுத்துக்கற இணைப்பு) கொடுத்து அந்த சந்து அளவையும் உள்ளடக்கற மாதிரி டாலரன்ஸ் வைக்கணும். ரெண்டாவது, ட்யூபோட மூலை ரேடியஸ். வேண்டாத ஃபில்லட்னு நினைச்சு எடுக்கற பழக்கம் இருக்கு. கூர் மூலையா வெச்சா இந்த ட்யூபோட மொமென்ட் ஆஃப் இனர்ஷியா (வடிவம் வளையறத எதிர்க்கற அளவு) 20.8 செ.மீ நாலாம் அடுக்கு வருது, நிஜ ட்யூபுக்கு டேபிள்ல 19.5 கிட்ட தான் போட்டிருக்கும். அதாவது ரேடியஸ எடுத்தா ஃபிரேம் ஏழு சதவீதம் இல்லாத விறைப்பக் காட்டும். ஏழு சதவீதம் பரவாயில்லையா இல்லையாங்கறது உங்க வேலையப் பொறுத்தது, ஆனா தெரிஞ்சு விடணும்.

டேங்க மாடல்ல வைக்கவே வேண்டாம். 400 லிட்டர் ஆயில்னா சுமார் 350 கிலோ, கூட டேங்க் தகடு வெயிட்டு, அதை அதோட சென்டர் ஆஃப் கிராவிட்டில ரிமோட் மாஸா (வடிவம் இல்லாத வெறும் எடையா) வெச்சு நாலு மவுண்டிங் இடத்தோட இணைச்சா போதும். டேங்க வெச்சா அது ஃபிரேமுக்கு முட்டுக் கொடுத்து ஃபிரேம் நல்லா இருக்கற மாதிரி காட்டிடும், இதை நெறையப் பேரு யோசிக்கறதில்ல.

வெல்ட் இருக்கற மூலைய என்ன பண்றதுன்னு கேப்பீங்க. வெல்ட் டோ, அதாவது வெல்ட் தகட்டுல முடியற ஓரம், அதே கூர் மூலை தான், அங்க நேரா நம்பர் படிச்சா அர்த்தமில்ல. ரோட்டுல குலுங்கி குலுங்கி விரிசல் விடுமாங்கறது கேள்வின்னா இன்டர்நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் வெல்டிங் சொல்ற ஹாட் ஸ்பாட் முறை இருக்கு: டோல இருந்து தடிமனோட 0.4 மடங்கு தள்ளி ஒரு ஸ்ட்ரெஸ், 1 மடங்கு தள்ளி ஒரு ஸ்ட்ரெஸ் படிச்சு, மொதல்லதோட 1.67 மடங்குல இருந்து ரெண்டாவதோட 0.67 மடங்க கழிக்கணும். 3 எம்எம் தகட்டுக்கு 1.2 எம்எம், 3 எம்எம் தூரம். அப்ப 10 எம்எம் மெஷ் அந்த மூலைல மட்டும் பத்தாது, தடிமனோட 0.4 அளவுக்குக் கீழ கொண்டு வரணும், படிக்க வேண்டிய அந்த ரெண்டு இடத்துல நோடு வர்ற மாதிரி அங்கயும் ஒரு ஸ்பிலிட் லைன் போட்டு வெச்சுக்கறது என் பழக்கம்.

மெஷ் தானேன்னு யாரும் லேசா நினைக்க வேண்டாங்க. நார்வேல 1991 ஆகஸ்ட் 23ல ஸ்லெய்ப்னர் ஏங்கற கடல் மேடையோட கான்கிரீட் அடிப்பகுதி ஸ்டவாங்கர் பக்கத்துல சோதனை பண்ணும்போதே மூழ்கிப்போச்சு. விசாரிச்சப்ப தெரிஞ்சது, அறைகள் சேர்ற மூலைய சரியா காட்டாத மெஷ்ஷால ஷியர் ஸ்ட்ரெஸ்ஸ (வெட்டற மாதிரி வர்ற ஸ்ட்ரெஸ்) 47 சதவீதம் கம்மியா கணக்கு போட்டிருந்தாங்க, அந்தச் சுவர் மெல்லிசா போச்சு. அவங்ககிட்ட இல்லாத கம்ப்யூட்டரா? மூலைய எப்படி மாடல் பண்றதுங்கற ஒரே விசயம்.

அதனால கை கணக்கு ஒண்ணு பக்கத்துல வெச்சுக்கோங்க. இதே 50 ட்யூப் ஒரு மீட்டர் ரெண்டு முனையும் தாங்கி நடுவுல 200 கிலோ, அதாவது 2000 நியூட்டன் கிட்ட வெச்சா, 1.07 எம்எம் இறங்கணும். ஷெல் மாடல் அதுக்குப் பக்கத்துல சொல்லுதான்னு மொதல்ல அந்த ஒத்த ட்யூப ஓட்டிப் பார்த்துட்டு அப்புறம் ஃபிரேமுக்குப் போலாம். பட்டறைலயே ரெண்டு முட்டு வெச்சு, எடை கல்லத் தூக்கி வெச்சு, அடில டயல் கேஜ் நிறுத்திப் படிக்கலாம், அரைநாள் வேலை தான், வெல்டர் அண்ணனுங்களே ஆர்வமா வந்து நிப்பாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வேணும், டயல் கேஜும் மாடலும் ஒத்துப்போனா லோடு, பிடிமானம், விறைப்பு மூணும் சரின்னு அர்த்தம், அவ்வளவு தான். மூலைல இருக்கற ஸ்ட்ரெஸ் சரின்னு அது சொல்லாது, ஏன்னா ஃபில்லட் இருந்தாலும் இல்லாட்டியும் இறக்கம் கிட்டத்தட்ட ஒரே அளவு தான் வரும். மூலைக்கு மெஷ்ஷ பாதியாக்கி நம்பர் நகருதான்னு பார்க்கற சோதனைய தனியா பண்ணியே ஆகணும்.

கடைசியா ஃபைல் பேரு. சிம்ப்ளிஃபை பண்ண மாடலுக்கு பேர்லயே ஸ்ட்ரெஸ்னு போட்டு, கலர வேற மாத்தி, வேற ஃபோல்டர்ல வெச்சு, எதை எதை எடுத்தேன், எதைத் திரும்ப வெச்சேன், எதனாலன்னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் கூட வெச்சுடறேன். ஃபில்லட் இல்லாத மாடல் டிராயிங் போடற தம்பி கைக்குப் போய் அங்கிருந்து பேட்டர்னுக்குப் போகக் கூடாது. அனாலிசிஸ் சொல்லி ரிப் தடிமன மாத்தினா அதையும் ஸ்ட்ரெஸ் மாடல்ல மட்டும் மாத்திட்டு விடாம ஒரிஜினல்ல மாத்தி, அதுல இருந்து மறுபடி ஸ்ட்ரெஸ் மாடல் எடுத்து ஒரு தடவை ஓட்டிட்டுத் தான் பவுண்டரிக்கு அனுப்பறது.